பள்ளியில் கறுப்பின வரலாறு: பிப்ரவரி மாதமா, தனிப் பாடமா, வருஷம் முழுக்கவா?

நியூ ஜெர்சியில் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் நம்மவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும். கணக்குப் பாடத்தின் அட்வான்ஸ்டு பிரிவில் கை வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், ஸ்கூல் போர்டு கூட்டத்தில் நம் ஆட்களுக்கு உட்கார நாற்காலி பத்தாது. அதே கூட்டத்தில் கறுப்பின வரலாற்றை எப்படிச் சொல்லித்தருவது என்று பேச்சு வந்தால் ஆளாளுக்குக் குனிந்து போனைப் பார்ப்போம். "அது அவங்க விஷயம், நாம எதுக்கு நடுவுல?" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் போடுவார், நாலு பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். ஆனால் பாடத்திட்டக் குழுவில் பெற்றோர் சார்பாக உங்களைப் போட்டுவிட்டாலோ, போர்டு கருத்துக் கேட்டு ஒரு படிவம் அனுப்பினாலோ, எதற்காவது கை தூக்கித்தான் ஆகவேண்டும்.

அவங்க விஷயம் மட்டுமில்லை என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். 1965 வரை இந்தியாவுக்கு இருந்த குடியேற்ற ஒதுக்கீடு வருஷத்துக்கு 100 பேர். கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கி 1964-ல் சிவில் உரிமைச் சட்டத்தையும் 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டத்தையும் வாங்கிய அதே வேகத்தில்தான், அந்த வருஷம் அக்டோபரில் நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்துவிட்ட குடியேற்றச் சட்டம் வந்தது. நம் கிரீன் கார்டு கதை எல்லாம் அங்கேதான் ஆரம்பம். எடிசனிலும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலும் நாம் வீடு வாங்கியிருப்பதற்கும் தெற்கே அலபாமாவின் மாண்ட்கோமரியில் யாரோ பஸ் ஏறாமல் நடந்ததற்கும் தொடர்பு இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

பொதுவாகக் கூட்டத்தில் அடிபடும் வழிகள் நான்கு. பிப்ரவரி மாதக் கொண்டாட்டம், ஹைஸ்கூலில் ஒரு தனிப் பாடம், எல்லா வகுப்பிலும் வருஷம் முழுக்கப் பாடத்தோடு சேர்த்துச் சொல்வது, சொந்த ஊர் வரலாற்றைத் தோண்டும் வேலை. என் ஓட்டு எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு வரை வருஷம் முழுக்கப் பாடத்தோடு, அதில் ஒரு துண்டு சொந்த ஊர் வரலாறாக. ஹைஸ்கூலில் தனிப் பாடம், அதுவும் சொல்லித்தர ஆள் இருந்தால். பிப்ரவரியை யாரும் ஒழிக்க வேண்டாம், ஆனால் அதற்காகக் கையைத் தூக்கி ஓட்டை வீணாக்கவும் வேண்டாம். அது தானாக நடக்கும்.

பிப்ரவரி

பிப்ரவரியைக் கேலி பேசுவது சுலபம். "இருக்கறதுலயே சின்ன மாசத்தைக் குடுத்துட்டாங்க" என்று கறுப்பின நண்பர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அந்த மாதத்தை யாரும் கொடுக்கவில்லை, கார்ட்டர் ஜி. வுட்சன் என்ற மனிதர் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். 1875-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர், அப்பா அம்மா இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு இருபது வயதில்தான் ஹைஸ்கூல் பக்கம் போனார், 1912-ல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார். டு பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞருக்கு அடுத்து அங்கே அந்தப் பட்டம் வாங்கிய இரண்டாவது கறுப்பினத்தவர் இவர். 1915-ல் கறுப்பின வரலாற்றை ஆராய ஒரு சங்கம் ஆரம்பித்தார், மறுவருஷம் ஓர் ஆய்விதழ், 1926 பிப்ரவரியில் ஒரு வாரம். மாதமில்லை, வாரம்தான். லிங்கன் பிறந்த 12-ஆம் தேதியையும் அடிமையாகப் பிறந்து அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளாகக் கொண்டாடப்பட்ட 14-ஆம் தேதியையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், புதிதாக ஒரு நாளைப் பழக்கப்படுத்துவதைவிட இருக்கிற நாளைப் பிடித்துக்கொள்வது சுலபம் என்று கணக்குப் போட்டார்.

இதில் நம் பள்ளிகள் மறந்துபோன பாதி ஒன்று உண்டு. வருஷம் முழுக்கப் படித்ததை ஊருக்குக் காட்டுகிற வாரமாகத்தான் வுட்சன் இதை நினைத்தார், படிப்பே அந்த வாரத்தில்தான் என்று அவர் சொன்னதே இல்லை. கறுப்பினத்தவரின் வரலாறு என்று தனியாக ஒன்றை முன்னால் வைப்பதைவிட வரலாற்றுக்குள் கறுப்பினத்தவரைக் காட்டுவதுதான் நோக்கம் என்று எழுதியும் வைத்தார். அந்தக் காலத்தில் இதைச் செய்த ஆசிரியர்களுக்கு இருந்த நெருக்கடி நமக்குத் தெரியாது. 1930களில் லூசியானாவில் ஒரு கறுப்பின ஆசிரியை, மேலிடம் அனுமதித்த பாடக்குறிப்பை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, மடியில் வுட்சனின் புத்தகத்தை வைத்து அதைப் பார்த்துப் பாடம் நடத்துவாராம். கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் கண் மேசைக்குப் போய்விடும். வேலை போகும் என்று தெரிந்தே செய்தது. வாரம் மாதமானது பிறகுதான். 1970-ல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களும் ஆசிரியர்களும் மாதமாகக் கொண்டாடினார்கள், 1976-ல் ஜனாதிபதி ஃபோர்டு அங்கீகரித்தார்.

இப்போது பள்ளியில் நடப்பது என்ன? வகுப்புக் கதவு அலங்காரப் போட்டி, காலை அறிவிப்பில் தினம் ஒரு பெயர், ஒரு போஸ்டர். என் மகள் சில வருஷம் தொடர்ந்து ரோசா பார்க்ஸ் போஸ்டர்தான் செய்தாள். அட்டையின் கலர் மாறும், கதை மாறாது. வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையல்காரம்மா பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் வந்தார், சட்டம் மாறியது, எல்லாரும் நண்பர்கள். அவ்வளவுதான்.

அந்தக் கதையை ஒரு முறை சரியாகச் சொல்லிப் பார்ப்போம், எது விட்டுப்போகிறது என்று தெரியும். 1955 டிசம்பர் 1 அன்று பார்க்ஸுக்கு வயது 42. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பிருந்தே மாண்ட்கோமரியில் கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கத்தில் செயலாளர், 1944-ல் ஒரு கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் கும்பல் பலாத்காரம் செய்த வழக்கில் நேரில் போய் விசாரித்தவர், கைதான அந்த வருஷம் கோடையில் போராட்டப் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்னால், மார்ச் 2 அன்று, கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி அதே ஊர் பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்து விலங்கு மாட்டிப் போனாள். பார்க்ஸ் கைதான இரவு ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, கல்லூரி உருட்டச்சு இயந்திரத்தில் விடியவிடிய ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை ஓட்டினார், திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறாதீர்கள் என்று. 381 நாள் ஏறவில்லை. கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஆள் ஏற்றினார்கள், மற்றவர்கள் நடந்தார்கள். கடைசியில் பஸ்ஸில் பிரித்து உட்கார வைப்பதைச் செல்லாது என்று ஆக்கிய வழக்கில் வாதிகளில் ஒருத்தி கால்வின், பார்க்ஸ் அதில் இல்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இதில் எது புரியாது? எல்லாம் புரியும். போஸ்டரில் இடம் பத்தாது, அவ்வளவே.

மாதம் என்றால் கெடுதல் என்று சொல்லவரவில்லை. தேதி கேலண்டரில் இருப்பதால் யாரும் மறக்க முடியாது, பெற்றோர் ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ. காசு ஒதுக்கும், வெளியிலிருந்து ஒருவரைப் பேசக் கூப்பிடலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு முகமும் ஒரு கதையும் போதும். ஆனால் தயாரிப்பில்லாமல் செய்யும்போதுதான் விபரீதம் நடக்கிறது. கேன்டீனில் வறுத்த கோழியும் தர்பூசணியும் போட்டு அதை மரியாதை என்று நினைத்த பள்ளிகள் பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கின்றன. அந்தத் தர்பூசணிக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான கேலிச்சித்திரம் இருக்கிறது என்று மெனு போட்டவருக்குத் தெரியவில்லை. அதைவிட மோசம் அடிமை ஏலத்தை நாடகமாக நடித்துக் காட்டச் சொல்வது, இதுவும் பல மாநிலங்களில் நடந்திருக்கிறது. நீங்கள் தன்னார்வலராகப் போகிற வகுப்பில் இப்படி ஏதாவது திட்டம் இருந்தால், கலாசாரம் தெரியாதவன் என்று நினைத்து ஒதுங்காமல் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். வருஷாவருஷம் பிப்ரவரி வேலை முழுக்க அந்த வகுப்பில் இருக்கிற ஒன்றிரண்டு கறுப்பினப் பெற்றோர் தலையில் விழும். தீபாவளி ஸ்டால் என்றதும் நம் வீட்டு ஆட்களையே தேடுவார்கள் இல்லையா, அதே கதை.

தனிப் பாடம்

இதன் பலம் நேரம். வாரத்துக்கு ஐந்து பீரியட், ஒரு முழு வருஷம், சொல்லித்தர ஒருவர், மார்க் உண்டு. ஃபிலடெல்ஃபியா மாநகரப் பள்ளிகள் 2005-ல் இதைக் கட்டாயமாக்கின, ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுப் பாடம் முடிக்காமல் ஹைஸ்கூல் பட்டம் கிடையாது. நம் மாநிலத்திலிருந்து பாலம் தாண்டினால் வரும் ஊர். கனெக்டிகட் 2019-ல் போட்ட சட்டம் வேறு மாதிரி: கறுப்பின, லத்தீனோ வரலாற்றுப் பாடத்தை எல்லா ஹைஸ்கூலும் வைத்தே ஆகவேண்டும், எடுப்பதும் எடுக்காததும் மாணவர் இஷ்டம். இரண்டும் ஒன்று போலத் தோன்றும், பலன் வேறு. இஷ்டப்பாடம் என்றால் யார் எடுப்பார்கள் என்று நமக்கே தெரியும். ஏற்கெனவே ஆர்வம் உள்ள பிள்ளை எடுக்கும். தெரிந்தே ஆகவேண்டிய பிள்ளை கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போய்விடும்.

அப்புறம் ஏ.பி., அதாவது ஹைஸ்கூலிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் வரிசையில், ஆப்பிரிக்க அமெரிக்கவியல் பாடம். 2022-ல் 60 பள்ளிகளில் சோதனையாக ஆரம்பித்து 2024-ல் முழுசாக வந்தது. நடுவில், 2023 ஜனவரியில், ஃபுளோரிடா இதை அனுமதிக்க மாட்டோம் என்று சொல்லி நாடே பேசும் விஷயமாக்கியது. நம் வீடுகளில் ஏ.பி. என்ற இரண்டு எழுத்துக்கு இருக்கும் மரியாதையை வைத்துப் பார்த்தால், இந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் எடுக்க வேறு பிரசாரமே வேண்டாம், ஜி.பி.ஏ.வுக்கு நல்லது என்று ஒருவர் சொன்னால் போதும். அந்தக் காரணத்துக்காக எடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, எப்படியோ படித்தால் சரி.

பாடத்திட்டத்தைப் பார்த்தபோது எனக்குப் பிடித்தது ஆரம்பிக்கிற இடம். சாதாரண அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் கறுப்பின மனிதர் முதலில் கண்ணில் படுவதே அடிமைக் கப்பலில்தான், அதற்கு முன் அவர்களுக்கு ஊர் பேர் எதுவும் இல்லாத மாதிரி. இது ஆப்பிரிக்காவில் ஆரம்பிக்கிறது. மாலிப் பேரரசு, 1324-ல் மக்கா போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்த மன்சா மூசா, போர்ச்சுகீசியரோடு மோதிய ராணி ந்சிங்கா. பிறகு அடிமைமுறையும் எதிர்ப்பும், விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கை, கடைசியில் இயக்கங்களும் அவற்றுக்குள் நடந்த வாக்குவாதங்களும். மாணவர் தானே ஒரு தலைப்பு எடுத்துச் செய்யும் ஆய்வும் உண்டு.

குறைகள் என்றால் இரண்டு. பதினாறு வயதில் வருகிறது, அதற்குள் பத்து வருஷ போஸ்டர் கதை மண்டையில் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது ஆசிரியர். இதைத் தனியாகப் படித்த ஒருவர் இல்லாமல், அட்டவணையில் ஓட்டை விழுந்த ஆசிரியருக்கு இந்தப் பாடத்தைத் தள்ளிவிட்டால், பிள்ளைகளுக்குக் கிடைப்பது வருஷம் முழுக்க டாக்குமெண்டரி. போர்டு தனிப் பாடம் தருகிறேன் என்றால் முதல் கேள்வி, யார் நடத்தப்போகிறார்? பெயர் சொல்ல முடியாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், அந்த வருஷத்தில் ஒரு ஆசிரியரைத் தயார் செய்யட்டும்.

வருஷம் முழுக்க

வுட்சன் கேட்டது இதைத்தான், சட்டப்புத்தகத்தில் அதிகம் இருப்பதும் இதுதான், நடைமுறையில் நழுவிப்போவதும் இதுவே. நியூ ஜெர்சியில் 2002-லேயே அமிஸ்டாட் சட்டம் வந்துவிட்டது. 1839-ல் கியூபாவுக்குப் பக்கத்தில் ஒரு கப்பலைக் கைப்பற்றிய ஆப்பிரிக்கர்களின் ஞாபகமாக வைத்த பெயர், 1841-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் சுதந்திர மனிதர்கள் என்று தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. சட்டம் சொல்வது எளிது: சமூக அறிவியல் பாடத்துக்குள்ளேயே ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு கலந்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு ஆணையம், ஆசிரியர்கள் எடுத்துப் பயன்படுத்த இணையத்தில் பாடத்திட்டம், எல்லாம் உண்டு. நியூ யார்க் 2005-ல் அதே பெயரில் ஒரு ஆணையம் அமைத்தது. ஃபுளோரிடாவில் சட்டம் இன்னும் பழசு, 1994.

இருந்தும் உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், அமிஸ்டாட் என்றால் என்ன என்று. சட்டம் ஒருபுறம், அதைப் பார்த்துக் கேட்க ஆள் இல்லாதது மறுபுறம். ஆசிரியர் கையில் இருப்பது 42 நிமிஷ பீரியடும் முடிக்க வேண்டிய பாடப்பட்டியலும். அதனால் கறுப்பின வரலாறு பாடத்தில் கறிவேப்பிலை மாதிரி மேலே கொஞ்சம் மிதக்கும், பிள்ளைகள் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவார்கள். 2018-ல் சதர்ன் பாவர்டி லா சென்டர் என்ற சிவில் உரிமை அமைப்பு ஹைஸ்கூல் கடைசி வருஷ மாணவர்களிடம் உள்நாட்டுப் போருக்கு முக்கியக் காரணம் எது என்று கேட்டது. அடிமைமுறை என்று சரியாகச் சொன்னவர்கள் 8 சதவீதம். நூற்றுக்கு எட்டு! பிப்ரவரி கொண்டாடாத தலைமுறை இல்லை அது, பிறந்ததிலிருந்து கொண்டாடிய தலைமுறை.

பாடப்புத்தகமும் கைகொடுக்காது. 2015-ல் டெக்சஸில் ஒரு மாணவன் தன் புவியியல் புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். குடியேற்றம் பற்றிய பகுதியில் ஒரு வரைபடம், அதன் கீழே ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான தொழிலாளர்கள் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்று ஒரு வரி, என்னமோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மாதிரி. அம்மா அதைப் பொதுவில் போட்டார், பதிப்பகம் திருத்துகிறோம் என்றது. 2023-ல் ஃபுளோரிடாவின் புதிய பாடத்தர வரையறையில், அடிமைகள் கற்ற தொழில்திறன் சில சமயம் அவர்களுக்கே பயன்பட்டது என்று மாணவர்களுக்குச் சொல்லும்படி ஒரு வாசகம் வந்தது, பெரிய சண்டையானது. பாடப்புத்தகத்தில் ஒரு வரிக்கு என்ன விலை என்று நமக்குத் தெரியாததல்ல. கலிஃபோர்னியா புத்தகங்களில் சாதியை எப்படி எழுதுவது, தலித் என்று குறிப்பிடலாமா கூடாதா என்று 2016-ல் நம் ஆட்களே இரண்டு கட்சியாகப் போய் நின்றார்கள்.

ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். சரியாகச் செய்தால் இதைத் தனியாக எடுத்துச் செய்ய வேண்டியதே இல்லை, இருக்கிற பாடம் முழுமையாகும். எட்டாம் வகுப்பில் அரசியலமைப்புச் சட்டம் வருகிறது, அதில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கிட்டு மாநிலங்கள் அமெரிக்க நாடாளுமன்ற இடங்களைப் பிரித்துக்கொண்ட பேரம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகாமல் ஒரு பீரியட் நின்றால் போதும், பின்னால் வரும் உள்நாட்டுப் போர் தானாகப் புரியும். தொழிற்புரட்சி நடத்தும்போது பஞ்சு அரைக்கும் இயந்திரம் வந்ததும் அடிமைமுறை ஏன் குறையாமல் பெருகியது என்று கேட்கலாம், இங்கிலாந்தின் லான்கஷயர் ஆலைகளுக்கு அந்தப் பஞ்சு எங்கிருந்து போனது என்று கேட்கலாம். அறிவியலில் ரத்தம் பற்றிப் பேசும்போது பிளாஸ்மாவைச் சேமிக்கும் முறையை மேம்படுத்திய சார்ல்ஸ் ட்ரூ வருவார். 1930களில் அரசு நிறுவனமே நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வசித்த பகுதிகளுக்குச் சிவப்புப் பூசி, வீட்டுக்கடனுக்கு ஆபத்தான இடம் என்று குறித்தது. அந்த வரைபடங்கள் இன்று இணையத்தில் கிடைக்கின்றன, நியூவர்க்குக்கும் உண்டு. நம் ஊரில் வீடு விலை ஏன் இப்படி, பக்கத்து ஊரில் ஏன் அப்படி, எந்த ஸ்கூலுக்கு எத்தனை ரேட்டிங் என்று ராத்திரி முழுக்க ஜில்லோ என்ற வீட்டு விலை இணையதளத்தைப் பார்க்கிற நமக்கே அந்த வரைபடம் ஒரு பாடம்.

இதற்கு ஆகும் செலவு புத்தகத்தில் இல்லை, ஆசிரியர்களின் பயிற்சி நாட்களில். மாணவர்களுக்கு லீவு விட்டு ஆசிரியர்கள் உட்காரும் நாட்கள் கேலண்டரில் இருக்கின்றனவே, அதில் ஒன்றிரண்டை இதற்கு ஒதுக்கச் சொல்வதுதான் உண்மையான கோரிக்கை. வருஷம் முழுக்கக் கலந்து நடத்துகிறோம் என்று போர்டு வாயால் சொன்னால் அதற்குப் பொருள் எதுவும் இல்லை. எந்த வகுப்பு, எந்த மாதம், எந்த அலகு, என்ன வாசிக்கக் கொடுப்பீர்கள், தேர்வில் இதிலிருந்து ஒரு கேள்வியாவது வருமா என்று கேளுங்கள். தேர்வில் வராததை யாரும் படிக்க மாட்டார்கள் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சொந்த ஊர்

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஆனால் தனியாக நிற்காது. அடிமைமுறை தெற்கில் நடந்தது, நாம் வடக்கு, நாம் நல்லவர்கள் என்ற கதையை நியூ ஜெர்சிப் பிள்ளைகள் சுலபமாக நம்பிவிடும். நடந்தது வேறு. வட மாநிலங்களில் கடைசியாக அடிமைமுறையை விட்டது நியூ ஜெர்சிதான். 1804-ல் போட்ட சட்டம் ஒருவரையும் அன்றே விடுவிக்கவில்லை. அந்த ஜூலை 4-க்குப் பிறகு பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்கள், ஆனால் ஆண் 25 வயது வரை, பெண் 21 வயது வரை தாயின் எஜமானுக்கு உழைக்க வேண்டும். 1860 மக்கள்தொகைக் கணக்கில்கூட இந்த மாநிலத்தில் 18 பேர் ஆயுள் முழுக்கப் பணிக்குக் கட்டுப்பட்டவர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்தை முதலில் நிராகரித்துவிட்டு, அது நாட்டுச் சட்டமான பிறகு 1866 ஜனவரியில்தான் ஒப்புதல் கொடுத்தார்கள்.

இன்னும் கிட்டே வாருங்கள், மிடில்செக்ஸ் கவுண்டிக்கு. நம் கோயில்களும் மளிகைக் கடைகளும் தோசைக் கடைகளும் இருக்கிற அதே கவுண்டி. 1818-ல் இங்கே ஜேக்கப் வான் விக்கிள் என்று ஒரு நீதிபதி. அடிமைகளையும், பணிக்குக் கட்டுப்பட்ட அவர்களின் பிள்ளைகளையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். அந்தச் சம்மதத்தைச் சான்றளிக்க வேண்டியவர் நீதிபதி. அவரோ சம்மதித்தார்கள், சம்மதித்தார்கள் என்று எழுதிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். நூறு பேருக்கும் மேல் கப்பலேறி லூசியானாவுக்குப் போனார்கள், கரும்பும் பருத்தியும் விளைகிற இடத்துக்கு. கைக்குழந்தைகளும் அதில் உண்டு. அந்த நீதிபதி தண்டனை எதுவும் அனுபவிக்கவில்லை. அந்த மனிதர்களின் பெயர்களைத் தேடி எடுத்து நினைவுச்சின்னம் வைக்க ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு முயற்சி நடந்துவருகிறது. எடிசனுக்குப் பக்கத்தில் பெர்த் அம்பாய்க்குப் போனால் வேறு கதை. கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை தந்த 15-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த கையோடு, 1870 மார்ச் 31 அன்று, அதன்படி நாட்டிலேயே முதலில் ஓட்டுப் போட்ட கறுப்பினத்தவர் தாமஸ் மண்டி பீட்டர்சன் அந்த ஊர்க்காரர். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவும் பராமரிப்பும் அவர் வேலை. நகர சாசனம் பற்றிய ஓட்டு அது. பிறகு அந்தச் சாசனத்தைத் திருத்தும் குழுவிலேயே அவரையும் போட்டார்கள், 1884-ல் ஊர் சேர்ந்து ஒரு தங்கப் பதக்கமும் கொடுத்தது. ஒரு நாள் பஸ் வாடகைக்கு மொத்தமும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இந்த வழியின் சிக்கல், யாரோ ஒரு ஆர்வமுள்ள ஆசிரியரைச் சார்ந்தே நடக்கும். அவர் மாறிப்போனால் அதோடு முடிந்தது. நாடு தழுவிய கதை தெரியாமல் ஊர்க்கதை மட்டும் தெரிந்தால் பீட்டர்சன் ஏன் முக்கியம் என்றே பிள்ளைக்குப் புரியாது, அவர் ஓட்டுப் போட்ட அதே உரிமையைத் தெற்கில் பிறகு பறித்தார்கள் என்று தெரிந்தால்தானே புரியும்? அதனால்தான் தனியாக நிற்காது என்றேன். ஏழு, எட்டாம் வகுப்புப் பாடத்தில் இதை ஓர் அலகாகவே எழுதிவைக்கச் சொல்லுங்கள், ஆசிரியர் மாறினாலும் காகிதம் இருக்கும்.

வெளிநாட்டு அனுபவம் எப்படி என்றால், இங்கிலாந்தில் அக்டோபர் மாதம், 1987-ல் லண்டனில் ஆரம்பித்தது. கட்டாயமில்லை என்பதால் அங்கும் அக்டோபரோடு முடிகிறது. வேல்ஸ் மட்டும் 2022-ல் வந்த புதிய பாடத்திட்டத்துக்குள்ளேயே கட்டாயமாகச் சேர்த்துவிட்டது. கனடாவில் 1995-ல் நாடாளுமன்றம் பிப்ரவரியை ஏற்றது. அதே பாணியில் 2016-ல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகவும் ஏற்றது, டொராண்டோ நண்பர்கள் பொங்கலும் பறையுமாக அமர்க்களப்படுத்துகிறார்கள். ஆனால் ஈழத்துப் பிள்ளைகளின் பெற்றோர் ஏன் அங்கே வந்தார்கள் என்பது அந்த மேடையில் எவ்வளவு தூரம் பேசப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள், மாதக் கொண்டாட்டத்தின் எல்லை எங்கே என்று புரியும். 2015-லிருந்து ஏப்ரலில் தலித் வரலாற்று மாதம் நடக்கிறது, அதை ஆரம்பித்தவர்கள் கறுப்பின வரலாற்று மாதத்தைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார்கள். இந்தத் தொடர்பு பழசு. 1959-ல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டப்படாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததாகவும் பிறகு யோசித்து ஒப்புக்கொண்டதாகவும் கிங்கே 1965-ல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இதைச் சொல்வார்களோ இல்லையோ, வீட்டில் நாம் சொல்லலாம்.

டெக்சஸ், ஃபுளோரிடா, ஓக்லஹோமா பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-லிருந்து இன வேறுபாட்டை வகுப்பில் எப்படிப் பேசலாம் என்று கட்டுப்பாடு போடும் சட்டங்கள் வந்திருக்கின்றன, ஆசிரியர்கள் பயந்துதான் இருக்கிறார்கள். அங்கே போய் வருஷம் முழுக்க என்று கேட்டால் தலைமையாசிரியர் கையைப் பிசைவார். அங்கே சட்டம் ஏற்கெனவே அனுமதிப்பதைப் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஃபுளோரிடாவின் 1994 சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, டெக்சஸ் மாநில போர்டு 2020-ல் ஹைஸ்கூலுக்கு ஆப்பிரிக்க அமெரிக்கவியல் இஷ்டப்பாடத்தை ஏற்றிருக்கிறது, ஓக்லஹோமாவின் பாடத்தரத்தில் 1921-ல் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்ற டல்சா படுகொலை இருக்கிறது. அந்த வாசகத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அங்கே பிப்ரவரிகூட விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயம்தான், மேலே நான் சொன்னது அங்கே பொருந்தாது.

நியூ ஜெர்சிக்காரர்களுக்கு நேரக்கணக்கு. பள்ளி பட்ஜெட் மார்ச்சில் வரைவாகி ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்துக்குள் பொது விசாரணைக்கு வந்துவிடும். பயிற்சி நாட்களும் பஸ் வாடகையும் புது ஆசிரியரும் அதற்குள் எண்ணாக ஏறியிருந்தால்தான் அடுத்த செப்டம்பரில் எதுவும் நடக்கும். பிப்ரவரி போஸ்டரைப் பார்த்துவிட்டுக் கோபம் வந்து மே மாதக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் நன்றி சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். நவம்பரிலேயே பாடத்திட்டக் குழுவுக்கு மின்னஞ்சல் போடுங்கள், அமிஸ்டாட் சட்டத்தின்படி ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை என்ன நடத்துகிறீர்கள், அலகுவாரியாக அனுப்ப முடியுமா என்று. நாலைந்து வீட்டிலிருந்து அதே கேள்வி தனித்தனியாகப் போனால் நல்லது. ஒரே கடிதத்தை எல்லாரும் காப்பி அடித்து அனுப்பாதீர்கள், அதை அவர்கள் ஒரே கடிதமாகத்தான் எண்ணுவார்கள்.